அலுவலகக் கணினிகளில் திறந்து கிடக்கும் வாசல்கள்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்குமாக நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இம்முகாமில் நேற்றும் இன்றும் குடிநீர், சாலை, கணக்குத் தணிக்கை ஆகியவற்றைக் குறித்துப் பலர் பேசினார்கள். கணினியைப் பற்றிப் பேசும் பொறுப்பு எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. "கணினி என்பது குமாஸ்தா பார்க்கும் வேலை, ஏர் பிடிக்கின்றவனுக்கும் வார்டு உறுப்பினருக்கும் அதில் என்ன இருக்கின்றது?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாங்களும் நீண்ட நாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு விவசாயி. ஆகையால் அவரிடமிருந்தே தொடங்குவோம்.

சில மாதங்களுக்கு முன்னர், வீடு கட்டும் திட்டத்தில் பயன்பெறவிருந்த ஒருவர் மஞ்சள் பையில் பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். முதல் தவணை எப்பொழுது வரும் என்று கேட்பதற்காக வந்தவர் அவர். பிரிவு எழுத்தர் கணினியில் பட்டியலைத் திறந்து, அவர் பெயருக்கு நேரே இருந்த வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வாசித்தார். "அது என் நம்பர் இல்லீங்களே" என்றார் அவர். பாஸ் புத்தகத்தைப் பார்த்தோம். அவர் கூறியது சரியே. அடுத்த பெயரைப் பார்த்தோம், அதுவும் தவறு. அந்தப் பட்டியலில் 43 பெயர்கள் இருந்தன. மூல விண்ணப்பங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டபோது பெரும்பாலான கணக்கு எண்கள் இடம் மாறியிருந்தன.

எவரோ பணத்தைத் திருட முயன்றிருக்கின்றார் என்றுதான் முதலில் தோன்றியது. சற்று நேரம் சென்றபின் உண்மை விளங்கிற்று. பெயர்கள் கிராம வாரியாக இருந்தன. கணக்கு எண்களோ சிறியதிலிருந்து பெரியது வரை ஏறுவரிசையில் நின்றன. எக்செல் தாளில் ஒரு பத்தியை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்தினால் அப்பத்தி மட்டும் புரண்டுவிடும். பக்கத்துப் பத்திகள் அசையா. அவ்வாறு செய்யும்முன் யந்திரம் ஓர் எச்சரிக்கை கேட்கத்தான் செய்கின்றது. அதைப் படிக்காமல் தட்டிவிட்டால் தீர்ந்தது. மூன்று நாட்களில் அப்பட்டியல் மேலே செல்லவேண்டியதாக இருந்தது. சென்றிருந்தால் ஒருவர் வீட்டுப் பணம் மற்றொருவர் கணக்கில் விழுந்திருக்கும். எங்கள் திறமையால் இத்தவறு பிடிபட்டது என்று நாங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. பாஸ் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்தவரால் பிடிபட்டது.

யார் செய்தது என்று விசாரித்தோம். எல்லோரும் இல்லை என்றார்கள். பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை. பட்டியல் இருந்தது ஒரு பிரிவு எழுத்தரின் கணினியில். ஆனால் அது இருந்த ஃபோல்டர், அதாவது கோப்புகளை வைக்கும் உறை, வலையமைப்பில் உள்ள யாரும் திறக்கவும் திருத்தவும் கூடியதாக விடப்பட்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் அலுவலகத்தில் ஒரே அச்சு யந்திரம் இருந்த காலத்தில், "எல்லோரும் இங்கே போட்டுவிடுங்கள், அச்செடுத்துத் தருகிறேன்" என்று திறந்துவிட்டது அது. அச்சு யந்திரங்கள் பெருகிய பின்னரும் வாசலை மூட எவருக்கும் நினைவில்லை. வேறொரு மேஜையிலிருந்து எவரோ தமக்கு வேண்டிய எண் ஒன்றைத் தேடுவதற்காகத் திறந்து, வரிசைப்படுத்தி, சேமித்து விட்டுப் போயிருக்கின்றார். தாம் செய்தது இன்னது என்பது அவருக்கே தெரிந்திராது.

அன்று மாலை எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இத்தகைய திறந்த ஃபோல்டர்கள் இந்த அலுவலகத்தில் இன்னும் எத்தனை உள்ளன? பதில் சொல்ல ஒருவரும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் 9 கணினிகள் என்று எழுதியிருந்தது. அவ்வளவே எங்களுக்குத் தெரிந்த செய்தி.

ஏரி நிரம்பிய காலத்தில் கரையில் நண்டு வளை இருக்கின்றதா என்பதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு அறிய முடியுமா? கரை நெடுக நடந்து பார்க்கவேண்டும். கணினி வலையமைப்பிலும் அப்படி நடந்து பார்ப்பதற்குச் சில சிறு கட்டளைகள் இருக்கின்றன. அவை படங்களும் பொத்தான்களும் அற்ற கறுப்புத் திரையில், ஒரு வரி எழுதி 'என்டர்' தட்டினால் வேலை செய்பவை. விலை கிடையாது. எங்களிடம் லினக்ஸ் என்னும் இயங்குதளம் போட்ட கணினி ஒன்று இருந்தது. எங்கள் கணினிப் பணியாளர் இளைஞர், ஆர்வம் மிக்கவர். அவரை அருகில் வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கினோம்.

ஒரு கணினியில் உள்ள கோப்பை மற்றொரு கணினியிலிருந்து திறக்க உதவும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றி, பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரால் வளர்க்கப்பட்டு, விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் இடம் பெற்ற முறை இது. லினக்ஸுக்கு உறவான யூனிக்ஸ் கணினிகளும் இதே பாஷை பேசுவதற்காக, ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிஜெல் என்பவர் 1992-இல் ஒரு மென்பொருளை வெளியிட்டார். அதற்குப் பெயர் வைக்க, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடி, 'சாம்பா' என்பதைப் பிடித்துக்கொண்டார். அம்மென்பொருளுடன் கூடவே வருவதுதான் 'எஸ்.எம்.பி.ட்ரீ' என்னும் கட்டளை. ட்ரீ என்றால் மரம். வலையமைப்பில் உள்ள குழுக்களை அடிமரமாகவும், கணினிகளைக் கிளைகளாகவும், அக்கணினிகள் பகிர்ந்துவைத்த ஃபோல்டர்களை இலைகளாகவும் வரைந்து காட்டுவது அதன் பணி.

அது தகவலை எங்கிருந்து பெறுகின்றது என்பது பஞ்சாயத்துக்காரர்களாகிய உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பழைய விண்டோஸ் முறையில், ஒரே கம்பியில் இணைந்த கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்திக்கொள்கின்றன. எந்த விண்டோஸ் புதியதோ, எது நெடுநேரம் அணையாமல் இயங்குகின்றதோ, அது போன்ற தகுதிகளைப் பார்த்து ஒரு கணினி தலைமையேற்கின்றது. மற்றக் கணினிகள் சுமார் 12 நிமிடங்களுக்கு ஒருமுறை "நான் இருக்கின்றேன்" என்று தமுக்கடிக்கும். தலைமைக் கணினி அதைக் கேட்டுப் பட்டியல் எழுதி வைக்கும். மூன்று முறை தொடர்ந்து குரல் கேட்கவில்லையானால் பெயரை நீக்கிவிடும். ஆகவே திடீரென்று மின்சாரம் போய் அணைந்த கணினியின் பெயர் அரை மணிக்கு மேலும் பட்டியலில் நிற்கக்கூடும். காலமானவர் பெயர் வாக்காளர் பட்டியலில் நிற்பதை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

அக்கட்டளையை நாங்கள் ஓட்டினோம். திரையில் ஒரு வரிகூட வரவில்லை.

"ஐயா, நம்ம ஆபீஸ் சுத்தமா இருக்கு" என்றார் எங்கள் இளைஞர். எங்களுக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் பட்டியலைக் கெடுத்த ஃபோல்டர் இருக்கின்றது என்பது எங்களுக்கு முன்பே தெரியுமல்லவா? தெரிந்த ஒன்றையே காட்டாத கட்டளை, தெரியாததை எப்படிக் காட்டும்? கைப்புத்தகத்தைப் படித்தபோது காரணம் புலப்பட்டது. தேர்தலும் தமுக்கும் எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பைச் சார்ந்தவை. அப்பதிப்பு ஆபத்தானது என்று கண்டு, 2017 இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதற்கொண்டு புதிதாக நிறுவும் கணினிகளில் அதன் பகிரும் பகுதியைச் சேர்ப்பதை விட்டுவிட்டார்கள். சாம்பா மென்பொருளும் 2019 செப்டம்பரில் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதைத் தானாகப் பேசுவதில்லை. புதிய கணினிகள் தமுக்கடிப்பதில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கின்றன. இன்றும் எஸ்.எம்.பி.ட்ரீயை ஓட்டிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று திருப்தியடைந்து எழுந்து போகின்றவர்கள் இருப்பார்கள் என்றே நினைக்கின்றோம். நாங்களும் அன்று எழுந்திருக்க இருந்தோம்.

ஆதலின் இரண்டாவது வழியை மேற்கொண்டோம். கூவி அழைத்தால் வராதவர்களை வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டிப் பார்ப்பது போன்றது இது. இதற்கு 'என்மேப்' என்றொரு கட்டளை இருக்கின்றது. 1997 முதல் உலகெங்கும் வழங்கி வருவது. அலுவலக வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. விலாசம் என்ற ஓர் எண் உண்டு. எங்கள் அலுவலகத்தில் அது 192.168.1 என்று தொடங்கி, கடைசியில் 1 முதல் 254 வரை ஏதேனும் ஓர் எண்ணுடன் முடியும். தெருப் பெயர் ஒன்று, கதவிலக்கம் 254 என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பல வாசல்கள். அவற்றிற்கும் எண்கள் உண்டு. கோப்புப் பகிர்வுக்குரிய வாசல் எண் 445. பழைய கணினிகளில் 139-ஆம் வாசலும் பயன்படும். "இத்தெருவில் உள்ள 254 கதவிலக்கங்களிலும் 445-ஆம் வாசல் எங்கெங்கு திறந்திருக்கின்றது?" என்று கேட்பதற்கு எழுதவேண்டிய கட்டளை ஒரே வரிதான். என்மேப் என்று எழுதி, சிறு கோட்டுடன் 'பி' என்ற ஆங்கில எழுத்தையும் 445 என்ற எண்ணையும் இட்டு, இரு சிறு கோட்டுடன் 'ஓப்பன்' என்ற சொல்லைச் சேர்த்து, இறுதியில் 192.168.1.0/24 என்று முடித்தோம். ஒரு நிமிடத்திற்குள் விடை வந்துவிட்டது.

பன்னிரண்டு கணினிகள் பதில் சொல்லின. பதிவேட்டில் இருந்தவை ஒன்பது என்று முன்னரே கூறினோம்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. இச்சோதனையை முதலில் ஒரு சனிக்கிழமை காலையில் செய்து பார்த்தோம். நான்கே கணினிகள் தென்பட்டன. மற்றவை அணைந்திருந்தன. அணைந்த கணினியை எந்தக் கட்டளையும் கண்டுபிடிக்காது. அலுவலகம் முழு மும்முரத்தில் இருக்கும் வேலை நாளில், முற்பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குச் செய்யவேண்டும். இன்னொன்று: கம்பியில்லா வைஃபை பெட்டி ஒன்றைத் தனியாக வைத்திருந்தால், அதற்கு வேறு தெருப் பெயர் இருக்கலாம். அத்தெருவையும் தனியே நடந்து பார்க்கவேண்டும்.

எஞ்சிய மூன்று எவை என்று தேடினோம். முதலாவது எளிதில் கிடைத்தது. அது கணினியே அன்று. நகல் எடுக்கும் யந்திரம். இக்காலத்து நகல் யந்திரங்களுக்குள்ளும் ஒரு வட்டு இருக்கின்றது. வருடி எடுத்த தாள்களின் பிம்பங்களை அது ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு வலையில் பகிர்கின்றது. இதை நாங்கள் எவரும் அறிந்திருக்கவில்லை. ஒரு கணினி என்னென்ன ஃபோல்டர்களைப் பகிர்கின்றது என்று கேட்பதற்கு 'எஸ்.எம்.பி. கிளையண்ட்' என்னும் மற்றொரு கட்டளை உண்டு. அதனுடன் 'எல்' என்ற எழுத்தையும் விலாசத்தையும் கொடுத்து, கடவுச்சொல் இன்றிக் கேட்பதற்கு 'என்' என்ற எழுத்தையும் சேர்த்தோம். நகல் யந்திரம் மறுபேச்சின்றித் தன் ஃபோல்டரின் பெயரைச் சொல்லிற்று. திறந்து பார்த்தால், நீங்களும் உங்கள் கிராமத்தாரும் விண்ணப்பங்களுடன் கொடுத்த ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள் பல நூறு கிடந்தன. நம் கூட்ட அறையின் சுவரில் வலைக்கம்பி செருகும் துளை ஒன்று இருக்கின்றது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டத்திற்கு வருகின்ற எவரும் தம் மடிக்கணினியை அதில் செருகினால் போதும், அத்தனையும் அவர் கையில். விண்ணப்பத்தின் காகித நகலைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மேலாளர் இடுப்பில் வைத்துக்கொண்டு, இங்கே மாத்திரம் இப்படி விட்டிருந்தோம். அதை எண்ணும்போது வெட்கமாகவே இருந்தது.

இரண்டாவது, பணி மேற்பார்வையாளர்கள் அறையில் பழைய கோப்புகளுக்கு அடியில் இருந்த கணினி. பயனற்றது என்று பதிவேட்டிலிருந்து கழிக்கப்பட்டது அது. ஆனால் பழைய கணக்கு மென்பொருள் ஒன்று அதில்தான் ஓடும் என்பதால் எவரோ மறுபடியும் கம்பியைச் செருகியிருக்கின்றார். அதில் இருந்தது விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. எஸ்.எம்.பி. முதல் பதிப்பும் அதில் உயிரோடு இருந்தது.

பழைய கணினி ஒன்று மூலையில் கிடப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2017 மே 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உலகம் அதற்கு விடை கண்டது. 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் அன்று பரவத் தொடங்கிற்று. நாங்கள் என்மேப் கொண்டு செய்ததையே அதுவும் செய்தது. கதவு கதவாகச் சென்று 445-ஆம் வாசலைத் தட்டிப் பார்த்தது. திறந்திருந்து, எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் இருந்த ஓட்டை அடைபடாமலும் இருந்தால், உள்ளே புகுந்து கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பின்னர் அங்கிருந்து அடுத்த கதவுக்குப் போயிற்று. ஒருவரும் எதையும் கிளிக் செய்யவேண்டிய தேவையே இருக்கவில்லை. நூற்றைம்பது நாடுகளுக்குக் குறையாமல் அது சென்றது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை நிர்வாகங்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குக் குறித்துக் கொடுத்திருந்த நேரங்களில் சுமார் 19,000 ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது எப்பொழுது தெரியுமா? அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி. மருந்து கடைக்கு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் நோய் வந்தது. எந்தெந்தக் கணினிக்கு அம்மருந்து தேவை என்று கணக்கெடுக்காதவர்களே பெரிதும் அகப்பட்டார்கள்.

மூன்றாவது கணினியைப் பற்றிக் கடைசியில் சொல்கின்றோம்.

பகிர்வுப் பட்டியல்களைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும், அதையும் தெளிவாக்கிவிடுவோம். சில ஃபோல்டர்களின் பெயருக்குப் பின்னால் டாலர் குறி இருக்கும். அவை விண்டோஸ் தன் நிர்வாகத்திற்காகத் தானே ஏற்படுத்திக்கொண்டவை. நிர்வாகியின் கடவுச்சொல் இன்றித் திறவா. ஆனால் நாம் புதிதாகப் பகிரும் ஃபோல்டருக்கும் டாலர் குறி இட்டுப் பெயர் வைக்கலாம். அப்படி வைத்தால் சாதாரணமாகப் பார்க்கின்றவர் கண்ணில் படாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இவ்வாறு செய்துவிட்டு, "நான் மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்" என்றார். கட்டளை அதையும் காட்டிக்கொடுத்தது. வேலிக்குப் பின்னால் வாசல் வைத்தால் தெருவிலிருந்து தெரியாது. பூட்டவில்லையென்றால் உள்ளே நுழைவதற்குத் தடையும் கிடையாது.

இதுவரை சொன்னதைக் கேட்டு உங்கள் பிள்ளைகளுள் எவரேனும் ஊர் சேவை மையத்திலோ, பள்ளியிலோ, வங்கியிலோ இக்கட்டளைகளை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், தயவுசெய்து தடுங்கள். பிறர் வலையமைப்பில் அனுமதியின்றி நுழைவதும் கோப்புகளை எடுப்பதும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவுக்கு மாறானவை. கெட்ட நோக்கத்துடன் செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தன் வயலின் வரப்பை நடந்து பார்ப்பது வேறு. நள்ளிரவில் பக்கத்து வயலில் விளக்கோடு நடப்பது வேறு. எங்கள் சொந்த அலுவலகமாயினும், எந்த நாளில், எந்தக் கணினியிலிருந்து, யார் சோதிப்பது என்று எழுத்து மூலம் ஆணை பிறப்பித்து, மாவட்டத் தலைமைக்கும் தெரிவித்துவிட்டே நாங்கள் செய்தோம்.

பிறகு என்ன செய்தோம்? பெரும்பகுதி எளிய வேலைதான். வேண்டாத பகிர்வுகளை நீக்கினோம். வேண்டியவற்றில் 'எல்லோரும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, இன்னின்னார் திருத்தலாம், இன்னின்னார் படிக்க மட்டும் செய்யலாம் என்று பெயர் குறித்தோம். பயனாளிகள் பட்டியலைத் திருத்தும் உரிமை இப்பொழுது இருவருக்கே உண்டு. நகல் யந்திரத்தின் ஃபோல்டருக்குக் கடவுச்சொல் வைத்து, பழைய நகல்களை அழித்து, ஏழு நாட்களுக்கு மேல் எதையும் வைத்திராதபடி அமைத்தோம். கூட்ட அறைத் துளையின் மறுமுனையைக் கழற்றினோம்.

எல்லாம் இன்பமாக முடிந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. பழைய கணினியை வலையிலிருந்து பிரித்தோம். ஆனால் அந்தக் கணக்கு மென்பொருள் இன்னும் தேவைப்படுகின்றது. ஆகவே குமாஸ்தா பென் டிரைவில் கோப்பை எடுத்துக்கொண்டு நடக்கின்றார். பென் டிரைவும் நோய் பரப்பும் வழிதான் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மென்பொருளிலுள்ள கணக்குகளைப் புதிய முறைக்கு மாற்றும்வரை வேறு வழி தோன்றவில்லை. "முன்பெல்லாம் ஒரு நொடியில் எடுத்தோம், இப்பொழுது ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் கேட்கிறது" என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் சீட்டெழுதி ஒட்டியவரும் உண்டு. அவர் யாரென்று சொல்லமாட்டோம், இக்கூட்டத்தில்தான் இருக்கின்றார்.

உங்கள் பஞ்சாயத்து அலுவலகங்களில் பெரும்பாலும் ஒன்றிரண்டு கணினிகளே இருக்கும். அங்கே லினக்ஸும் என்மேப்பும் தேட வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியிலேயே கறுப்புத் திரையைத் திறந்து 'நெட் ஷேர்' என்ற இரண்டு சொற்களை எழுதச் சொல்லுங்கள். அக்கணினி தான் எவற்றைப் பகிர்கின்றது என்பதைத் தானே பட்டியலிட்டுக் காட்டும். பிறர் கணினியைத் தொடாத கட்டளை. ஆதலால் அச்சமின்றிச் செய்யலாம். டாலர் குறியுடன் வருபவற்றுள் விண்டோஸ் தானே வைத்தவற்றை விட்டுவிடுங்கள். மற்றவை ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி, "இது யாருக்காகத் திறந்தது? இன்றும் தேவையா?" என்று செயலரைக் கேளுங்கள். அவர் விழித்தால் கோபம் கொள்ளவேண்டாம். எங்களை நீங்கள் அன்று கேட்டிருந்தால் நாங்களும் விழித்திருப்போம்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் நகைக்கடன், பயிர்க்கடன் விவரங்கள், சேவை மையத்தில் உங்கள் ஆதார் நகல், நிலத்தின் சர்வே எண் யாவும் இத்தகைய ஃபோல்டர்களில்தான் கிடக்கின்றன. அங்கத்தினர் என்ற முறையில் சங்கத்தின் பொதுக்குழுவில் இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்கின்றீர்கள். கணினியில் உறுப்பினர் பட்டியலைத் திருத்தக்கூடியவர் எத்தனை பேர் என்பதையும் அத்தோடு சேர்த்துக் கேளுங்கள். பணம் வரவேண்டியிருந்தால் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக எந்த எழுத்தர் சலித்துக்கொண்டாலும் எங்களிடம் வரலாம்.

உண்மையிலேயே அந்நியர் எவரோ உள்ளே புகுந்துவிட்டார் என்று தெரிந்தால், கணினியின் வலைக்கம்பியைக் கழற்றிவிட்டு உடனே எங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். நாங்கள் மத்திய அரசின் 'செர்ட் இன்' அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி, தெரிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதற்கு அதில் இடமில்லை.

இனி அந்த மூன்றாவது கணினி. என்மேப் அதன் விலாசத்தைக் காட்டிற்று. பெயர் கேட்டபோது, 'டெஸ்க்டாப்' என்று தொடங்கிப் பொருளற்ற எழுத்துகளில் முடியும் ஒரு பெயர் வந்தது. விண்டோஸ் நிறுவும்போது தானாக வைக்கும் பெயர் அது. யாரும் அதை மாற்றியிருக்கவில்லை. வலை அட்டையின் எண்ணைக் கொண்டு அதைச் செய்த நிறுவனம் எது என்று மட்டும் அறிய முடிந்தது. அதில் ஒரு ஃபோல்டர் பகிரப்பட்டிருந்தது, கடவுச்சொல் கேட்டது, நாங்கள் அதற்குமேல் போகவில்லை. அலுவலகத்தின் எல்லா அறைகளிலும் தேடினோம், அகப்படவில்லை. பின்னர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து 'பிங்' என்ற கட்டளையால் அதை இடைவிடாது கூப்பிட்டுக்கொண்டிருக்க, மற்றொருவர் ஸ்விட்ச் பெட்டியின் முன் நின்று கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகினார். பதினான்காவது கம்பியைக் கழற்றியபோது பதில் நின்றது. அக்கம்பி சுவருக்குள் புகுந்து மாடிப்பக்கம் போகின்றது. மாடியில் எங்கள் அலுவலகம் அன்றி வேறு இரு துறைகளின் பிரிவுகளும் இயங்கி வருகின்றன.

இரு பிரிவுகளுக்கும் கடிதம் எழுதியிருக்கின்றோம். கம்பியைத் திரும்பச் செருகவில்லை. வலை வேலை செய்யவில்லை என்று எவரேனும் இறங்கி வந்து கேட்பார் என எதிர்பார்த்தோம். இன்றோடு இருபது நாட்கள் ஆகின்றன; இதுவரை எவரும் வரவில்லை. வருகின்ற வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு மறுபடியும் சோதனை நடத்துகின்றோம். பார்க்க விரும்பும் அங்கத்தினர்கள் வரலாம்.